வீட்டுப் பஞ்சமும் எழும்பாத ரீச்சரும்

கணிதம் படிப்பிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எந்த முக்கோணமும் வகுப்பில் எழும்பி நின்று, "எங்கட வீட்டில அப்பிடி இல்லை, ரீச்சர்" என்று சொல்வதில்லை. சமூகக் கல்விக்காரருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நாங்கள் எதைப் படிப்பித்தாலும் அது ஏற்கெனவே பிள்ளைகளின் வீட்டுக் குசினியில் வெந்துகொண்டிருக்கும். வெண்கட்டியோடு மாரடித்த என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளில், பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலத்தில், என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. நானும் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றம் எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அப்போதுதான் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. அதில் 'வீட்டுப் பிரச்சினையும் அதற்கான காரணங்களும்' என்று ஓர் அலகு இருந்தது. ஆசிரியர் கைநூலின்படி அதை இரண்டு கிழமையில் முடித்துவிடலாம். அந்தக் கைநூலை எழுதியவருக்குச் சொந்த வீடு இருந்திருக்க வேண்டும்.

முதற் காரணம்

பாடப் புத்தகம் மூன்று காரணங்கள் சொன்னது. சனத்தொகை பெருகுகிறது, கிராமத்துச் சனம் நகரத்துக்கு வருகிறது, கட்டடப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பயிற்சிக் கலாசாலையில் சொல்லித் தந்தபடி, விடையைப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்த்தேன். எங்கள் பட்டினத்தில் வாடகைக்கு ஏன் வீடு கிடைப்பதில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். கடைசி வாங்கிலிருந்து பௌசி எழும்பினான். கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து படிக்க வந்த பிள்ளை. கை கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, பெண் பிள்ளைகள்தான் காரணம் என்றான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. பெண் பிள்ளைகளைப் பாரமென்று பேசுகிற வாய்க்கு என் வகுப்பில் இடமில்லை என்று தொடங்கி, அவனை நிற்க வைத்தே ஒரு பிரசங்கம் செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு விளங்காதது என்னவென்றால், பெண் பிள்ளைகளே தலையாட்டி அவன் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மருமகன்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் மிச்சப் பிள்ளைகளோடு இறங்கிப் போய், அடுத்தவளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். பிரசங்கம் முடிந்து நான் தண்ணீர் குடிக்கும்போது பௌசி சொன்னான்:

"எங்கட வாப்பாக்கு நாலு பொம்புளப் புள்ள, ரீச்சர். ஒவ்வொரு ராத்தாவும் கலியாணம் முடிக்கக்குள்ள நாங்க ஒரு வீட்டால எழும்புவம். இப்ப இருக்கிற வீட்டுக்கு இன்னும் கூரை போடல்ல."

பூட்டுகளின் தெரு

இந்தப் பாடம் எனக்கு வெறும் பாடமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வயிறெரிந்திருக்க மாட்டேன். நாங்கள் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வீட்டின் பின்பாதியில் இருந்தோம். ஓர் அறை, அதோடு ஒட்டி ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தில்தான் சமையல், தாழ்வாரத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு, மழை வந்தால் இரண்டும் அறைக்குள். அதுவும் கொடுத்துவைக்கவில்லை. வீட்டுக்காரரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி, நாங்கள் ஆவணிக்குள் எழும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் குடையும் கையுமாக வீடு தேடினேன். வீடு இல்லை என்று யார் சொன்னது? தெருத் தெருவாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்து, முற்றத்தில் தென்னங்கன்று வைத்து, கதவில் ஆமைப் பூட்டுத் தொங்க விட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று பக்கத்து வளவில் விசாரித்தேன். அங்கே நின்ற பெண் அது தன் மகளின் வீடு என்றாள். மகள் எங்கே வேலை செய்கிறா என்று கேட்டேன். மகள் தாயின் சீலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அந்தப் பல்லு முளைத்து, அவள் வளர்ந்து, மாப்பிள்ளை வருமட்டுமாவது எங்களை இருக்க விடுங்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பாவம் என்றுதான் பார்த்தாள், ஆனால் இறங்கி வரவில்லை.

"வாடகைக்கு இருத்தினால் பிறகு கோட்டுக்குப் போனாலும் எழுப்பேலாது, ரீச்சர். வீடு சும்மா கிடந்தால் வௌவால்தான் வரும். வௌவாலைக் கலைக்கலாம்."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்

கைநூலில் 'வெளிக்கள வேலை' என்று ஒன்று இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தையும் வசதியாக வாழும் இடத்தையும் காட்ட வேண்டும். கடற்கரையில் மீன் வாடிகளுக்குப் பின்னால் இருந்த குடிசைகளைக் காட்டினேன். அங்கே இருந்த பிள்ளைகள் எங்களைப் பார்க்க ஓடி வந்தார்கள். யார் யாரைப் பார்க்கப் போனது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போயிற்று.

பிறகு வெள்ளைக்காரன் விட்டுப் போன பழைய குவாட்டர்ஸ் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். கம்பி வேலி, உள்ளே போகத் தடை என்று பலகை, அதற்கப்பால் வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள். யன்னல்களுக்குள்ளால் ஆலமரம் கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசற்படியில் இரண்டு மான்கள் படுத்து அசை போட்டன. திருகோணமலை மான்களுக்கு மனிதரைக் கண்டால் பயமில்லை. அவை எழும்பக்கூட இல்லை. பிள்ளைகளுக்கு வாய் சும்மா இருக்குமா? இவ்வளவு வீடும் சும்மா கிடக்க மான்களை ஏன் குடி வைத்திருக்கிறார்கள் என்று என்னை நெருக்கினார்கள். நான் வேலிக்குள் காவலுக்கு நின்ற சிங்களப் பொடியனைக் கேட்டேன். இருபது வயது இருக்காது. அவன் முதலில் விறைத்து நின்று, இங்கே நிற்கக் கூடாது என்று கையைக் காட்டினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான்:

"எனக்குத் தெரியாது, மிஸ். நானும் வாடகை அறையிலதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிஞ்ச வீடு ஒண்டு இருந்தால் சொல்லுங்க."

வீடில்லாத வகுப்பு

அடுத்த தவறு முழுக்க முழுக்க என்னுடையதுதான். பிள்ளைகளிடம், உங்கள் குடும்பத்துக்கு எத்தனை வீடு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். அளவுக்கு மிஞ்சி வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து அரசாங்கம் வீடுகளை எடுக்கப் போகிறது என்று ஊரெல்லாம் கதை அடிபட்ட நேரம் அது. எனக்கு அது தெரியாமல் இல்லை. வாடகைக்கு இருப்பவரை எழுப்ப விடாத புதுச் சட்டத்தோடு சேர்த்து அதையும் நான்தான் அந்தக் கிழமை படிப்பித்திருந்தேன். ஆனால் அதையும் என் கேள்வியையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

அடுத்த நாள் ஒவ்வொரு பிள்ளையாக எழும்பி, எங்களுக்கு வீடு இல்லை என்று சொன்னது. கச்சேரியடியில் மாடிவீடு வைத்திருந்தவரின் மகன், தாங்கள் மாமாவோடு ஒண்டி இருக்கிறோம் என்றான். மாமாவின் மகள் அடுத்த வாங்கில் இருந்தாள். அவள் தாங்கள் இவர்களோடு ஒண்டி இருக்கிறோம் என்றாள். ஒரு பிள்ளை மாத்திரம் தங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உடனே அழத் தொடங்கியது. பத்து மணிக்கு முன்னமே பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் கூடிவிட்டார்கள். நான் ரீச்சர் இல்லை, வீடு கணக்கெடுக்க அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். இந்தப் பாடத்தை இதோடு முடித்துவிட்டு ஏரிகளும் ஆறுகளும் தொடங்கச் சொன்னார். நான் சரி என்று எழும்பியபோது மேசைக்கு மேலால் குனிந்தார்.

"ஒருவேளை மேலிடத்தில கேட்டால், ரீச்சர், எனக்கும் ஒரு வீடுதான் எண்டு சொல்லுங்கோ. மற்றது மனிசியின்ர பேரில."

ரீச்சரின் வீடு

ஆறுகளுக்குப் போக வகுப்பு விடவில்லை. குறிப்பாக யோகமலர் விடவில்லை. லொறி வைத்து மணல் ஏற்றிய சிவக்கொழுந்து என்பவரின் மூத்த மகள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பிள்ளை. அதுவும் எழும்பி, பின்னலை முதுகுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத்தான் கேட்பாள்.

நான் மனவெரிச்சலில் இந்த ஊர்க்காரரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். மனிதர் தெருவில் நிற்க வீட்டைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம், இதைப்போல ஒரு சுயநலம் உண்டா என்று கேட்டேன். யோகமலர் எழும்பினாள், பின்னல் பறந்தது. ரீச்சருக்குச் சீதனமாக வீடு தந்தார்களா என்று கேட்டாள். ஓம், வடமராட்சியில் கல்வீடு, கிணறும் பதினாறு பனையும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எங்கே கொண்டுபோய் மாட்டுகிறாள் என்று விளங்கியது. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒருவரும் இல்லை. திறப்பு என் தங்கையிடம் இருந்தது. அவள் வெள்ளிக்கிழமைகளில் போய் விளக்கு வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள். ஆட்களை இருத்தினால் பிறகு எழுப்புவது கஷ்டம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். நான் மேசையில் இருந்த வெண்கட்டித் துண்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவள் என்னை வெட்கப்படுத்துகிற குரலில் பேசவில்லை. ஆறுதல் சொல்கிற குரலில்தான் பேசினாள்.

"பரவாயில்லை, ரீச்சர். எல்லாரும் அப்பிடித்தான்."

சீமெந்து

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு யோகமலர் தேசப்படத்தைச் சுருட்டித் தருகிற சாட்டில் பின்தங்கி நின்றாள். லிங்கநகரில் தகப்பன் கட்டுகிற வீடு முடியப் போகிறது, ரீச்சர் போய் வாடகைக்குக் கேளுங்கள் என்றாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவளுடைய முகத்தில் உதவி செய்கிறவர்களின் சந்தோசம் இல்லை.

மிச்சத்தையும் சொன்னாள். அது அவளுடைய சீதன வீடு. சீனன்குடாவில் எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வீடு முடிந்தால் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் படித்தது காணும் என்று சொல்லிவிட்டார்கள், ஆகையால் அடுத்த வருடச் சோதனை அவளுக்கு இல்லை. இவ்வளவு நாளும் அவள் படித்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? சங்கக் கடையில் பெர்மிட்டுக்குச் சீமெந்து கிடைக்காததால். சுவர் அரைவாசியில் நின்றது, அவள் ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். கூரை மட்டத்தில் நின்றது, பத்தாம் வகுப்புக்கு வந்தாள். கட்டடப் பொருள் தட்டுப்பாட்டைத் துன்பம் துன்பம் என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முன்வாங்கில் ஒரு பிள்ளை அது தீர்ந்துவிடக் கூடாது என்று கோணேசருக்கு நேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது சீமெந்து வந்துவிட்டது என்றாள். வீடு வெறுமையாகக் கிடந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்களாம். அதில் ஆள் இருந்தால்?

"நீங்கள் போய் இருந்திட்டியள் எண்டால் ஒருத்தராலும் எழுப்பேலாது, ரீச்சர். நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

இரண்டு ஓம்

சிவக்கொழுந்தரைப் போய்ப் பார்த்தேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ கதவு நிலைகளையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தன் வீட்டுக்குக் காவலாக, நாகரிகமான, ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். படிப்பிக்கிறவர்கள் மானம் மரியாதைக்குப் பயந்தவர்கள், கோடு கச்சேரி என்று போகமாட்டார்கள் என்றார். மகளின் காரியம் பொருந்தி வரும்போது சொல்வேன், உடனே எழும்பித் தரவேண்டும் என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளை மனதோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதருக்கு நான் என்ன சொல்ல? ஓம் என்றேன்.

அடுத்த நாள் வகுப்பில் யோகமலர் ஒன்றும் கேட்கவில்லை. பின்னலும் பறக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தினாள். அவளுக்கும் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். துறைமுகத்தில் கப்பல் வருவதும் போவதும் தவிர வேறெதற்கும் பதற்றப்படாத மனிதர். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலைக் கழற்றுவதா விடுவதா என்று நின்றார்.

"நீர் தகப்பனுக்கும் ஓம் எண்டனீர், பிள்ளைக்கும் ஓம் எண்டனீர். நான் எந்த ஓமுக்குச் சாமான் கட்டுறது?"

வீடு தேடிய வீட்டுக்காரர்

ஆவணியில் லிங்கநகருக்குக் குடிபோனோம். ஐப்பசி மழைக்குள் சிவக்கொழுந்தர் ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. தையில் கலியாணம் வைக்கக் கேட்கிறார்களாம், மார்கழிக்குள் எழும்பித் தந்தால் வெள்ளையடிக்க வசதி என்றார். எத்தனையோ பொய்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை, உண்மையே போதுமாக இருந்தது. எங்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை அண்ணை, ஒரு வீடு பார்த்துத் தாருங்கள், அன்றைக்கே போகிறோம் என்றேன். இவ்வளவுதானா என்று சிரித்தார். தனக்கு இந்த ஊரில் தெரியாத வளவு கிடையாது என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அறிக்கை வந்தது. முதல் ஞாயிறு சிரித்துக்கொண்டு வந்தார். உவர்மலைப் பக்கம் மூன்று வீடு கண்டிருந்தார், மூன்றும் மகள்மாருக்கு. அடுத்த ஞாயிறு சிரிப்பில்லை. சொந்தச் சித்தப்பா மகனைக் கேட்டிருக்கிறார். அவன், உன்னாலேயே எழுப்ப முடியாத ரீச்சரை நான் எப்படி எழுப்புவது என்று கேட்டிருக்கிறான். மூன்றாம் ஞாயிறு, வெருகலில் ஒரு வீடு இருக்கிறது, நல்ல காற்று, முருகன் கோயில் பக்கத்தில் என்றார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவது, எத்தனை துறை கடக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறுக்கு நல்லது என்றார். மார்கழி முடிகிற ஞாயிறு, முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து, என் கதிரையில், அதாவது அவருடைய வீட்டில் என்னுடைய கதிரையில், தொப்பென்று இருந்தார். கோப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஊர் முழுக்க வீட்டைக் கட்டிப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள், ரீச்சர். ஒருத்தனுக்கும் மனிசத்தன்மை இல்லை."

விஞ்ஞான மாஸ்டரின் படுக்கை

தை போனது. மாப்பிள்ளை வீட்டார் மாசி வரைக்கும் பொறுத்துவிட்டு, வீடு முடிந்து வெறுமையாகக் கிடந்த வேறு ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சிவக்கொழுந்தர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார். மகளுக்கு வந்த சம்பந்தத்தை நான் கெடுத்தேன் என்று அவர் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை, அதைத்தானே செய்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்தால் அது அவருடைய சுவர், அவருடைய ஓடு, அவர் தூக்கி வந்த சீமெந்து. யோகமலர் மட்டும் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். சோதனை எழுதினாள்.

என் பெயர் ஊரில் நாறிவிட்டது. சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூட, லிங்கநகரில் எழும்ப மாட்டேன் என்று நிற்கிற ரீச்சர் நீங்கள்தானா என்று கேட்டுவிட்டுத்தான் செதிள் எடுத்தார். வீட்டுக்காரர் யாரும் படிப்பிக்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். இந்த விசயம் எனக்குத் தெரியாது. அதிபர்தான் ஒரு நாள் ஓய்வறையில், எப்போதும்போலக் குரலை உயர்த்தாமல், அறியத் தந்தார்.

"உங்களாலதான், ரீச்சர், புதுசா வந்த விஞ்ஞான மாஸ்டருக்கு ஒருத்தரும் அறை குடுக்கினம் இல்லை. மனிசன் ஆய்வுகூடத்தில எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில படுக்குது."

திறப்பு

யோகமலர் நன்றாகச் சித்தியடைந்தாள். மட்டக்களப்பில் விடுதியில் நின்று மேல்வகுப்புப் படிக்க இடம் கிடைத்தது. தகப்பனே லொறியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அதே மாதம், வரிசையில் நெடுங்காலமாகக் காத்துக்கிடந்த என் கணவருக்குத் துறைமுகக் குவாட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, தனிக் குசினி, குழாய்த் தண்ணீர். நான் அழுதே விட்டேன். பத்துப் பேர் முகம் சுளிக்காத ஒரு கூரை. சாமானைக் கட்டினோம். இந்த முறை என் கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சிவக்கொழுந்தரின் வீட்டுக்குத் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய மனைவி கதிரை தந்துவிட்டு உள்ளே போனா. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மகள் கேட்டதையும் நான் தலையாட்டியதையும், ஒன்றையும் ஒளிக்காமல். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மகள் சோதனை எழுதின அன்றிரவே அழுது எல்லாம் சொல்லிவிட்டாள் என்றார். திறப்பை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. போன கிழமை மனைவியின் தமையன் சின்ன மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தாராம். அவளுக்கு இப்போதுதான் பதினாலு. குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டது அண்ணை, சாமானெல்லாம் கட்டியாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. திறப்பை என் பக்கமே மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"மச்சானுக்கு முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, ரீச்சர். 'வீட்டில ரீச்சர் இருக்கிறா, எழும்புறா இல்லை' எண்டு சொல்லிப்போட்டன். சின்னவளும் சோதனை எழுதுமட்டும் நீங்கள் எழும்பாதேங்கோ."

குவாட்டர்ஸ் வரிசையில் நின்ற அடுத்தவருக்குப் போயிற்று. ஆக, வீட்டுப் பஞ்சத்தின் காரணங்களைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பித்த நான், வாடகை கொடுத்துக்கொண்டு அவற்றில் ஒரு காரணமாகவும் இன்னும் சில வருடம் லிங்கநகரில் இருந்தேன்.